தகரக் கதவில் எழுதிய எபிரேயம்

தகரத்தின்மேல் சாக்பீஸ் கீச்சிடும்போது பல் கூசும். ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய ‘லைன் வீடுகளில்’ நாங்கள் குடியிருந்த ஒன்றில், என் ஒன்பதாம் வயதில், காலை நேரங்கள் அந்தக் கூச்சத்தோடுதான் தொடங்கின. போல்ட் செய்யும் கம்பெனியில் வேலைபார்த்த அப்பாவுக்கு நாற்பது வயதுக்குமேல் போதகராகும் ஆசை வந்து, கிருஷ்ணகிரியில் ஞாயிறு மாலைகளில் நடந்த வேத வகுப்பில் சேர்ந்தார். அங்கே முதல் பாடமே பைபிளின் மூலமொழியான எபிரேயத்தின் எழுத்துகள். சுவரில் கிறுக்க ‘ஓனர்’ விடமாட்டார் என்பதால், ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும் என்று எங்கள் நீலத் தகரக் கதவின் வெளிப்பக்கத்தில் அவற்றை எழுதிவைத்தார்.

அவரோடு சேர்ந்து நானும் கற்றேன். வலமிருந்து இடமாகப் போகும் அந்த எழுத்துகளில் தாலெத்துக்கும் ரேஷுக்கும் வித்தியாசம் ஒரு மூலைதான். “மூலைய உருட்டிடாத பாப்பா, அர்த்தமே கெட்டுப்போயிடும்” என்பார் அப்பா. தப்பாக எழுதினால் யாருக்காவது கெட்டது நடக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, சாக்பீஸைத் தொடும்போதெல்லாம் பயந்தேன்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு லட்சுமம்மா அக்காவின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அக்காவும் அவள் புருஷனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சற்று நேரத்தில் எங்கள் கதவுக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. அப்பா ஷிப்டில், அம்மா ‘கார்மென்ட்ஸ்’ வேலையில். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே நான் மட்டும் நின்றேன். தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகக் கலந்து வந்த இரைச்சலில் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. “மூணு நாக்கு நெருப்பு மாதிரி எழுதி வச்சிருக்கான் பாரு. செய்வினைதான்.” யாரோ கதவை உதைத்தார்கள். தகரம் அதிர்ந்தது.

ஓனர் வந்து, “பாப்பா, கதவத் தொற, நான் இருக்கேன்” என்றதும் திறந்தேன். இது என்ன எழுத்து என்று அவர் கேட்டார். ஆலெப், பேத், கிமெல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். நெருப்பு என்றார்களே, அது ஷின், நம் ‘ஷ’ மாதிரி என்றேன். சொல்லிவிட்டால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். “பெத்த பிள்ளையவும் பழக்கி வச்சிருக்கான்!” என்றாள் ஒருத்தி. அதுவரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் எல்லாம் என்மேல் திரும்பின. அந்தப் பார்வைக்குப் பயந்ததுபோல் வேறெதற்கும் நான் வாழ்க்கையில் பயந்ததில்லை. ஓனர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக் கதவில் ஊற்றினார்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த அப்பா கூட்டத்தையும் ஈரக் கதவையும் பார்த்தார். அவரை அடித்துவிடுவார்களோ என்று நான் ஓனரைப் பார்த்தேன். “கொழந்த எப்படியிருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

மறுநாள் குழந்தையோடு திரும்பிய லட்சுமம்மா அக்கா எங்கள் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “ஜுரத்துல வர்ற வலிப்பாம். விடியவிடிய எங்ககூட நின்னது இந்த வீட்டு அண்ணன்தான். வாய மூடிக்கிட்டு அவங்கவங்க வேலையப் பாருங்க.” யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா அழுதுகொண்டே, “இந்தப் படிப்பு நமக்கு வேணாங்க” என்றாள். அப்பா அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரிக்குப் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை.

இன்று அந்த லைன் வீடுகள் இல்லை. அவை இருந்த இடத்தில் ஒரு குடோனும், கர்நாடக எல்லை தாண்டி அட்டிபெலே பக்கம் திரும்பக் காத்திருக்கும் லாரிகளும் நிற்கின்றன. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா பர்கூரில் என்னோடு இருக்கிறார். எபிரேய வகுப்பு இப்போது போனிலேயே நடக்கிறது, மறுபடி சேரலாமே என்று போன வாரம் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சத்தம் போட்டுப் படிக்கணுமா?” என்று கேட்டார்.