திருவனந்தபுரத்துக்குக் கட்டிய பூ

சுயம்புவுக்கு இரண்டாவது இடம் பழகிப்போயிருந்தது. அரை மைல் ஓட்டத்தில் கடைசி வளைவு வரைக்கும் அவன்தான் முன்னால் போவான். அப்புறம் காதோரம் ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். அடுத்த தெரு வைகுண்டராஜன் அவனைத் தாண்டிப் போய்விடுவான். வைகுண்டராஜன் கெட்டவன் அல்ல. ஜெயித்த கையோடு திரும்பி வந்து இவனைக் கட்டிப்பிடிப்பான். சுயம்புவால் தாங்க முடியாதது அதுதான்.

1951-ல் இரண்டு பேரும் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். திருவனந்தபுரத்தில் யூனிவர்சிட்டியின் பெரிய காலேஜிலிருந்து இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. சுயம்புவுக்கு மட்டும் இன்னொரு அழைப்பும் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு சின்ன காலேஜின் விளையாட்டு வாத்தியார் சைக்கிள் மிதித்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எங்ககிட்ட ஓடுதவன் மொத்தம் ஆறு பேருதான் தம்பி. நீ வந்தா எல்லாப் பந்தயத்துலயும் ஓடலாம். அங்க போனா நாப்பதுல ஒருத்தனா நிப்ப" என்றார்.

சுயம்புவுக்கு அது நியாயமாகவே பட்டது. அவன் மனசும் நாகர்கோவில் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அன்று சாயங்காலமே வைகுண்டராஜன் புதுக் கான்வாஸ் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"என்ன மக்கா, திருவனந்தபுரத்துக்கு வாறியா? நீ இருந்தா எனக்கும் ஒரு துணை."

துணை! அந்த ஒரு சொல் சுயம்புவின் நெஞ்சில் நெருப்பை வைத்தது. இவன் ராஜா மாதிரிப் போவான், நான் துணைக்குப் போகணுமா? அதற்காகப் போகாமல் இருந்தாலோ, 'பெரிய இடத்துக்குப் போனவன் வைகுண்டன்' என்று ஊர் பேசுமே. அன்றைக்கே முடிவு செய்தான். போனால் திருவனந்தபுரம்தான்.

அவன் அம்மா தாணம்மாள் புருஷனை இழந்தவள். ஒற்றை மகனைத் தூரத்துக்கு அனுப்ப அவளுக்கு மனமில்லை. தடுக்கவும் மனமில்லை. "முத்தாரம்மன்கிட்ட பூ கேப்போம். அவ சொல்லுதபடி செய்வோம்" என்றாள்.

அந்த ஊரில் அது வழக்கம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி அம்மன் முன் வைப்பார்கள். வேண்டிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். அதில் இருக்கிற பூதான் அம்மன் வாக்கு. மற்றதைப் பிரிக்காமல் குளத்தில் போட்டுவிடுவார்கள். வெள்ளை வந்தால் திருவனந்தபுரம், சிவப்பு வந்தால் நாகர்கோவில் என்று அம்மாவும் மகனும் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

"நானே கட்டுதேன்" என்றான் சுயம்பு. கட்டினான். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினான். பொறாமை வந்துவிட்டால் மனுஷனுக்குச் சாமிகூடக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

வெள்ளிக்கிழமை பூசாரி பொட்டலங்களைச் சன்னிதியில் வைத்தார். "வீட்டுல பேசுனது இங்க செல்லாது தாணம்மா. எது எதுக்குன்னு அம்மைகிட்ட வாய்விட்டுச் சொல்லணும்" என்றார்.

தாணம்மாள் கண்ணை மூடினாள். பிறகு சொன்னாள்: "தாயே, ஒனக்குப் பிடிச்சது செவப்பு. ஒனக்குப் பிடிச்ச நெறத்துல தந்தாத்தான் எம்பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புவேன். வெள்ளையத் தந்தா அவன் நாகர்கோவிலிலயே படிக்கட்டும்."

சுயம்பு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "எம்மா, வெள்ளைக்குத்தானே திருவனந்தபுரம்னு..."

"சும்மா கெடலே. அம்மைகிட்ட சொல்லியாச்சு."

எடுத்தாள். வெள்ளை. தாணம்மாள் ஆனந்தத்தில் அழுதாள். மகன் வாயைத் திறக்க வழியில்லை.

நாகர்கோவிலில் சேர்ந்தான். திருவனந்தபுரம் பஸ் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பான். அந்த ஆத்திரத்தோடு மைதானத்துக்குப் போய்க் கால் ஓயும் வரை ஓடுவான். இரண்டாம் வருஷம் காலேஜுகளுக்கு இடையிலான போட்டிக்காகத் திருவனந்தபுரம் போனான். அங்கே வைகுண்டராஜன் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, தோளில் நாலைந்து துண்டுகளோடு நின்றான்.

"நீ ஓடலியா?"

"ஒரு காலேஜுக்கு மூணு பேருதான் மக்கா. எங்க இடத்துல நான் பதினோராமத்த ஆளு. துண்டு புடிக்கேன்."

சுயம்புவுக்கு நெஞ்சு இனித்தது. எவ்வளவு இனித்தது என்று தெரிந்ததும் அவனுக்கே பயமாகிவிட்டது. ஓடினான். நாலாவதாக வந்தான். வைகுண்டராஜன் பழையபடி ஓடிவந்து கட்டிப்பிடித்தான்.

"நீ மட்டும் எப்படிலே சரியான எடத்துக்குப் போன?"

அம்மன் பூ தந்தாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னான்.

வைகுண்டராஜன் வாயைப் பிளந்தான். "எனக்கு மேல வரணும்னு சாமிகிட்டயே கள்ளத்தனம் பண்ணினியா?"

"ஆமா."

"எம்மேல அவ்வளவு பொறாமயா?"

"இப்பவும் உண்டு."

"இப்ப எதுக்குலே? நானே துண்டு சொமந்துகிட்டு நிக்கேன்."

"நீ அதுக்கும் சிரிக்கியே, அதுக்கு."

ஊருக்கு வந்து அம்மாவிடமும் சொன்னான். தாணம்மாள் அவனை அடிக்கவில்லை. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சன்னிதியில் நிறுத்தினாள். "எங்கிட்ட சொன்னது போதாது. அவகிட்ட சொல்லு" என்றாள்.

கள்ளப் பூ கட்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அழவும் அழுதான். ஆனால் இந்தப் பொறாமையை எடுத்துப் போடு தாயே என்று கேட்க மட்டும் அவனுக்கு நா எழவில்லை. அது போனால் கூடவே ஓட்டமும் போய்விடுமோ என்று பயந்தபடி வெகுநேரம் நின்றிருந்தான்.