தானாகக் குலை தள்ளிய வாழை

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். அதனால் எங்கள் வீட்டில் குளித்த தண்ணீருக்கும் துணி அலசிய தண்ணீருக்கும் போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். கொல்லையில் அம்மா நட்டிருந்த வாழை. அதற்கான வாய்க்காலை அவளே வெட்டியிருந்தாள். ஒருநாள் அது அடைத்துக்கொண்டு, சோப்பு நுரை முழுவதும் பக்கத்து வீட்டு அத்தையின் வாசலுக்குள் புகுந்து, காயவைத்திருந்த மிளகாயை நனைத்துவிட்டது.

"குளிச்ச தண்ணில வாழ வளத்து அரமனைக்கா அனுப்பப் போற?" என்றாள் அத்தை. அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நான் மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த அப்பா, சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் நானும் அங்கே மாமா வீட்டில் தங்கினோம். அப்பா எழுந்து நடப்பார் என்று பெரியவர்கள் எனக்குச் சொன்னார்கள். வாழையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அப்பாவையும் அழைத்துக்கொண்டு மாரிகுப்பம் ரயிலில் ஊர் திரும்பியபோது, புல்கூடக் கருகிக் கிடந்தது. சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைட் மேட்டின் தூசி கூரைகளின் மேல் படிந்திருந்தது. நான் கொல்லைக்கு ஓடினேன்.

வாழை நின்றது. வெறுமனே நிற்கவில்லை, குலை தள்ளியிருந்தது. என் தலைக்கு மேலே கருஞ்சிவப்பாகப் பூ தொங்க, விரிந்த மடலுக்குள் விரல் விரலாகப் பிஞ்சுகள். என்னை அறியாமல் கைகூப்பிவிட்டேன்.

"யம்மா! யாரும் தண்ணி ஊத்தாமலே தானா குல தள்ளியிருக்கும்மா!"

அம்மா குனிந்து மண்ணைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. அத்தை வீட்டுத் துவைக்கிற கல்லிலிருந்து, தகர வேலிக்கு அடியில் நுழைந்து, வாழை வரைக்கும் புதிதாக ஒரு வாய்க்கால் வந்திருந்தது. பெருச்சாளி தோண்டியிருக்கும் என்று நினைத்தேன். அம்மா ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் பூவை ஒடித்து என்னிடம் கொடுத்தாள். "அத்தைக்குக் குடுத்துட்டு வா. ஒண்ணும் பேசாத."

பேசாமல் இருக்க என்னால் முடியுமா? அத்தையின் அடுப்படியில் நின்று முழு அதிசயத்தையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"இன்னாடி சொல்ற! தண்ணியே இல்லாமலா?"

"சத்தியமா அத்தே."

"ஒங்கம்மா இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. மண்ண மோந்து பாத்துட்டு அழுவுச்சு."

அத்தை வாழைப்பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி சொல்லு. மொதல்லேர்ந்து."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாமியையும் நடுவில் சேர்த்து, மறுபடியும் சொன்னேன். நான் கதை சொன்ன அழகில்தான் அவளுக்குக் கண் கலங்கியது என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.