வாங்க என்று சொல்லக் கூடாத ஒரு நிமிடம்

ஹோம் தியேட்டர் ட்யூனிங் என்பது, அடுத்தவர் வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுக்காரரையே பேசாமல் இருக்கச் சொல்லும் தொழில்.

ஸ்பீக்கர் விற்கிறவர் வேலை காந்திபுரம் கடையோடு முடிந்துவிடும். அந்த ஸ்பீக்கர் வீட்டுக்குப் போய், சுவரோடும் தரையோடும் சண்டை போட ஆரம்பித்த பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஒரு மைக்கை ஸ்டாண்டில் நிறுத்துவேன். ஒவ்வொரு ஸ்பீக்கரும் அடிவயிற்றில் ஆரம்பித்து உச்சி வரைக்கும் 'ஊ...ய்ங்' என்று ஒரு சத்தம் போடும். அந்த அறை எந்தச் சத்தத்தை ஊதிப் பெரிதாக்குகிறது, எதை விழுங்கிவிடுகிறது என்று மைக் கேட்டுச் சொல்லும், கம்ப்யூட்டர் சரிசெய்யும். அதற்கும் அடங்காத எதிரொலிக்குச் சுவரில் பஞ்சுப் பலகை மாட்டுவேன். வேலை இவ்வளவுதான், மிச்சமெல்லாம் மனுஷர்கள். வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் நான் ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன். அதற்குள் போகும் முன் இரண்டு சின்னச் சங்கதிகள். நான் எந்த மாதிரி மனிதர்களிடம் அகப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

காற்றுப் போகும் துணி

சூலூரில் ஒரு தறி முதலாளி. பஞ்சுப் பலகைக்கு மேலே துணி சுற்ற வேண்டும் என்றதும், "துணிய வெளிய வாங்காதீங்க, நம்ம தறியிலயே ஓட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் போனால் ஒரு சுருள் தயாராக இருந்தது. கெட்டியான துணி. தண்ணீர் ஊற்றினால்கூட யோசித்துத்தான் இறங்கும்.

"இது ஆகாதுங்க. சத்தம் உள்ளே போய்ப் பஞ்சில் அடங்க வேண்டும். வாயில் வைத்து ஊதினால் அந்தப் பக்கம் காற்று வர வேண்டும்" என்றேன். ஊதிக் காட்டினேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவரும் ஊதிப் பார்த்தார். பிறகு துணியைத் தடவிக்கொண்டே, புண்பட்ட குரலில் சொன்னார்: "இதுல காத்து போச்சுன்னா, அந்தத் தறிக்காரனை அன்னைக்கே நிறுத்தியிருப்பனுங்க."

மூலையும் பாரமும்

அடித்தொண்டைச் சத்தம் போய் ஒளிந்துகொள்ளும் இடம் அறையின் மூலைகள். அங்கே ஆள் உயரத்துக்குத் தடித்த பஞ்சுத் தூண் நிறுத்தினால்தான் 'டம் டம்' என்பது 'டொம்ம்ம்' என்று இழுக்காமல் நிற்கும். வடவள்ளியில் ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரி வீட்டில் மூன்று மூலைக்கு நிறுத்திவிட்டேன். நான்காவது மூலைக்குப் போனதும் அவர் எழுந்து வந்து குறுக்கே நின்றார். அது ஈசானிய மூலை. அங்கே பாரம் ஏற்றக் கூடாது.

"பாரமே இல்லீங்க, வெறும் பஞ்சு" என்றேன். எடைபோட்டுக் காட்டவும் தயாராக இருந்தேன். அந்த மூலையை விட்டால் பாஸ் என்கிற அந்த அடிச்சத்தம் சரியாக வராது என்று கிராஃபை விரித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "பாஸ் வராட்டிப் போகுதுங்க. ஈசானியத்தை அடைச்சா வேற எதுவுமே வராதுங்க."

ஆறு பேரும் ஒரு வாசலும்

இனி கல்யாணக் கதை. கிணத்துக்கடவில் சென்னியப்பன் என்று ஒரு தோப்புக்காரர். முன் ஹாலையே தியேட்டராக மாற்றியிருந்தார். மகள் கீர்த்தனாவுக்கு நெகமத்தில் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. உப்புச்சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்வதற்கு நாளும் குறித்தாயிற்று. ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்து உட்காரும்போது தியேட்டர் தயாராக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மைக்கை ஒவ்வொரு இருக்கையாக இடம் மாற்றி வைத்து அளக்க உட்கார்ந்தேன். ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நிறுத்தினேன். குக்கரை இறக்கச் சொன்னேன். வீட்டில் ஆறு பேர். "நான் கையைத் தூக்குகிறவரைக்கும் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சத்தம் வரக் கூடாது" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். முதல் இரண்டு இடத்தில் அளக்கும்போது சென்னியப்பன் இருமியதால் வந்த எரிச்சல் அது. நான் தரையில் மைக் ஸ்டாண்டின் அடியில் லாப்டாப்போடு சம்மணமிட்டிருந்தேன். ஆறு பேரும் சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஐந்தாவது இடம். இடது ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்ததும் வாசலில் நிழல் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா பெரியசாமி. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்விட்டு வருகிற வழியில், கையில் ஒரு சீப்பு செவ்வாழையோடு, எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். நம் பக்கத்தில் வாசலில் ஆள் வந்தால் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அது பத்து வருஷம் பேசப்படும். இங்கே ஆறு பேரும் அவரை முழித்துப் பார்க்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. போதாததற்கு சென்னியப்பன் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினார். சம்பந்தியாகப் போகிறவரை.

இடது, நடு, வலது என்று மூன்று ஊளையும் முடியும்வரை அவர் நின்றார். பிறகு வாழைப்பழத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். கடைசி ஸ்பீக்கர் ஓய்ந்து நான் கையைத் தூக்கியதும் ஆறு பேரும் ஒரே குரலில், ஆளில்லாத வாசலைப் பார்த்துச் சொன்னார்கள்: "வாங்க, வாங்க, வாங்க."

குத்தம் சொல்லலீங்க

மறுநாளே தரகர் மூலம் சேதி வந்துவிட்டது. நாள் குறித்ததை ஒத்திப் போட்டிருக்கிறார்கள். 'வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாத ஊட்ல எதுக்குங்க சம்பந்தம்' என்று பெரியசாமி கேட்டாராம். சென்னியப்பன் போனில் கூப்பிட்டார். "உங்களைக் குத்தம் சொல்லலீங்க" என்று மூன்று தடவை சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு கீர்த்தனா போனை வாங்கினாள். அந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது; அவனுக்கும் அப்படித்தான். அப்பாவை மீறி அவன் பேச மாட்டான், அவளும் பேசச் சொல்ல மாட்டாள். பேச்சில் குறும்பு மட்டும் குறையவில்லை. "உங்க மைக்குக்குச் சத்தம் ஆகாதுங்கண்ணா, எங்க மாமனாருக்குச் சத்தமில்லாட்டி ஆகாது. நடுவுல மாட்டுனது நானுங்க."

நெகமத்தில் ஒரு செய்முறை விளக்கம்

மைக், ஸ்டாண்ட், லாப்டாப், ஒரு சின்ன ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு நெகமம் போனேன். பெரியசாமி தீவனக் கடை வைத்திருக்கிறார். வீட்டு வாசலில் கால் வைத்ததும் அவர், அவர் மனைவி, மகன், தீவனம் வாங்க வந்த இரண்டு பேர் என்று எல்லோரும் 'வாங்க' சொன்னார்கள். தண்ணீர் கொடுத்தபோது இன்னொரு தடவை. வேண்டுமென்றே சொல்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். கிராஃபை நீட்டினேன். "படமெல்லாம் இருக்கட்டுங்க" என்று தள்ளிவிட்டார்.

சரி, காதால் கேட்டால் புரியும் என்று மைக்கை அவர் ஹாலிலேயே நிறுத்தினேன். ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் எல்லாம் கெட்டுவிடும், அதனால்தான் அன்றைக்கு நான் அவர்கள் வாயை அடைத்தேன் என்று விளக்கிவிட்டு ஓட்டினேன். அவரும் கையைக் கட்டிக்கொண்டு ஒத்துழைத்தார். பாதி ஊளையில் பக்கத்து வீட்டு அம்மா தயிர் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். "வாங்க" என்றார் பெரியசாமி. லாப்டாப் திரையில் எச்சரிக்கை சிவப்பாக எரிந்தது.

"பாத்தீங்களா, இதுதான்" என்றேன் வெற்றியோடு. "நான் எங்கீங்க சொன்னேன்?" என்றார். அவர் மனைவியே சிரித்துவிட்டு, "சொன்னீங்க" என்றார். அவர் மைக்கைச் சுட்டிக் காட்டினார். என் விளக்கம் என் கழுத்துக்கே திரும்பியது அப்போதுதான். "நம்மளையறியாமயே வாயில வந்துருதுங்க பாருங்க. அவிய ஆறு பேருக்கு அது வரலையே, அதைத்தானுங்க நான் கேக்கறேன்."

ஐந்தாவது அளவு

தோற்றுப்போய் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடவில்லை. மூன்றாம் நாள் கிணத்துக்கடவு அளவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடன்பட்டவன் கணக்கு நோட்டைப் புரட்டுகிற மாதிரிதான். அப்போது ஐந்தாவது அளவின் கோணல் மறுபடி கண்ணில் பட்டது. அன்றைக்கு அதைத் தள்ளிவிட்டு மறுபடி அளந்திருந்தேன். ஆமாம், சம்பந்தி கோபித்துக்கொண்டு போன பிறகும் நான் உட்கார்ந்து அளந்திருக்கிறேன், என் யோக்கியதையைப் பாருங்கள்.

மைக்கில் விழுந்ததையெல்லாம் லாப்டாப் பதிந்து வைத்திருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். ஊளைக்கு அடியில், மூச்சுக்காற்று மாதிரி, ஒரு 'வாங்க'. கிசுகிசுப்புதான், ஆனால் சந்தேகமே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே கிளம்பி மறுபடி நெகமம். பெரியசாமி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை கேட்டார். "மைக்குக்குப் பக்கத்துல ஆருங்க உக்காந்திருந்தாங்க?" என்றார். சோபாவில் கீர்த்தனா இருந்தாள் என்றேன். அவர் முகம் மெல்ல விரிந்தது. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "அம்மணி, இங்க வந்து கேளு. அத்தனை பேர் மத்தியில நம்ம மருமக ஒருத்திதான் கூப்புட்டிருக்குது."

உப்பும் சர்க்கரையும்

அடுத்த வளர்பிறையில் சென்னியப்பன் வீட்டு ஹாலில் உப்புச்சர்க்கரை மாற்றினார்கள். மைக்கை நான் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போனேன். வாசலிலேயே நின்று, பந்தல்காரர் முதற்கொண்டு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் 'வாங்க' சொன்னேன். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. பெரியசாமி தன் ஒறம்பரைக்கெல்லாம் மருமகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அந்த 'வாங்க' கொஞ்சம் சத்தமாகிக்கொண்டே போனது.

சாப்பாட்டுக்கு முன்னால் கீர்த்தனா பட்டுச்சேலையோடு என் பக்கம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நீங்க மொறைச்ச மொறைப்புல நான் மூச்சே விடலீங்கண்ணா. மைக்குக்கு அடியில குந்திக்கிட்டு, லாப்டாப்பைப் பாத்த வாக்குலயே வாங்கன்னு சொன்னது நீங்கதானுங்க."

ஊரார் வீட்டுச் சத்தத்தையெல்லாம் கிராஃப் போட்டுக் கண்டுபிடிக்கிற எனக்கு என் சொந்தக் குரலை ஒரு கல்யாணப் பெண்தான் அடையாளம் காட்ட வேண்டியிருந்தது என்பதை மட்டும் நான் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வதில்லை.