செவன் ஃபோர்ஸ்ல நின்னா அந்த வில்லு வேணாம்

சேகரண்ணன் செத்துப்போய் பதினேழு நாள் ஆச்சாம். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

கடலூர் செம்மண்டலத்துல சின்னதா ஸ்போர்ட்ஸ் கடை வெச்சிருந்தாரே, அவருதான். இங்க என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல பாதி பேர் கடலூர்... ஒருத்தருக்குக்கூட ஒரு வரி போடணும்னு தோணலையா? நான் போட்ட ஊறுகாய் போட்டோவுக்கு மட்டும் வரிசையா வந்து லைக் போடத் தெரியுது.

சிதம்பரத்துலேர்ந்து பஸ் புடிச்சு, பொண்ணையும் அவ வில்லையும் கூட்டிக்கிட்டுப் போய் நிக்கிறேன்... ஷட்டர் இறக்கியிருக்கு. பக்கத்து ரீசார்ஜ் கடைக்காரர், "தெரியாதாக்கா? ஹார்ட் அட்டாக்"னு சொல்லிட்டு அடுத்த ஆளோட நம்பர எழுத ஆரம்பிச்சிட்டாரு.

நாப்பத்தாறு வயசு. அவ்ளோதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி அந்தக் கடைக்கு மொதல்ல போனப்ப வர்ஷினிக்கு எட்டு வயசு. சம்மர் கேம்ப்ல வில்லத் தொட்டுட்டு வந்தவ, அப்பறம் வேற பேச்சே இல்ல. எனக்கோ கண்ணுல குத்திக்குவாளோ, கை போயிடுமோன்னு பயம்.

சேகரண்ணன் ஒரு மூங்கில் வில்ல எடுத்து வெச்சாரு. பெயின்ட் இல்ல, குறி பாக்கற கருவி இல்ல, வெறும் மூங்கிலும் நாணும். கடையிலேயே அதான் விலை கம்மி.

எனக்கு சுருக்குன்னுச்சு. எங்களப் பாத்தா அப்படியா தெரியுது?

சுவத்துல தொங்கின பளபளா வில்லக் காட்டி, அத எடுங்கன்னேன்.

"அது இருபத்தாறு பவுண்டும்மா. அவ்ளோ பலமா இழுக்கணும். பாப்பாவால முடியாது."

"வளர்ற பொண்ணுண்ணா... இப்பவே பெருசா வாங்கிட்டா நாலு வருஷத்துக்கு ஆகும்."

"யூனிஃபார்மாம்மா இது? மடிச்சுத் தெச்சு, வருஷா வருஷம் பிரிச்சு விட?"

கடையில இருந்த ரெண்டு பேர் சிரிச்சாங்க. இப்ப நெனச்சாலும் காது சூடாவுது.

அப்பறம் மூங்கில் வில்ல வர்ஷினி கையில குடுத்து, "இழுத்துப் புடிச்சிக்கிட்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பாப்பா"ன்னாரு. நடுவுல சிரிச்சுக்கிட்டே செவன் டென்ஸ் வரைக்கும் சொல்லிட்டா.

பளபளா வில்லுல செவன் த்ரீஸ் ஆர் ட்வென்டி ஒன்... செவன் ஃபோர்ஸ் ஆர்... அங்கியே நின்னுட்டா. மூஞ்சி செவந்து, தோள் காது வரைக்கும் ஏறிடுச்சு. அம்பு இல்லாம நாண விட்டா வில்லு ஒடஞ்சிடும்னு சொல்லிக்கிட்டே அவர் கையால புடிச்சு மெதுவா இறக்குனாரு.

"செவன் ஃபோர்ஸ்ல நின்னா அந்த வில்லு வேணாம்மா. கையப் பாக்காதீங்க, மூச்சப் பாருங்க. மொத வில்லு எப்படியும் சீக்கிரம் பத்தாம போயிடும், அதுல காசக் கொட்டாதீங்க. மிச்சத்துக்கு நல்ல அம்பா வாங்குங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நான் எம்.எஸ்சி. படிச்சவ. ப்ளாஸ்டிக் பந்து விக்கிறவரு எனக்குப் பாடம் எடுக்க வேணாம்."

ஆமா. சொன்னேன். பொண்ணு முன்னாடியே சொன்னேன்.

வேற இடத்துல ஆள் வெச்சு இருபத்தெட்டு பவுண்டு வில்லு வாங்குனேன். ரோஷம். அஞ்சு வாரத்துல வர்ஷினியால கையத் தூக்கி யூனிஃபார்ம் சட்டை போட முடியல. டாக்டர், எக்ஸ்ரே, ஐஸ் ஒத்தடம்... "நான்தாம்மா ஒழுங்கா இழுக்கல"ன்னு அது என்னைத் தேத்துது.

வேற போக்கிடம் இல்லாம திரும்ப சேகரண்ணன் கடைக்கே போனேன். எத்தன பவுண்டுன்னு மட்டும் கேட்டாரு. சொன்னேன்.

"ஏம்மா, அறிவிருக்கா உங்களுக்கு?"

அத்தன பேர் முன்னாடி அழுதுட்டேன். அவரும் விடல, திட்டித் தீத்தாரு. மூணு மாசம் வில்லக் கண்ணுலயே காட்டாதீங்க, தோள் நல்லாவட்டும்னாரு. சரியா மூணு மாசம் கழிச்சு அதே மூங்கில் வில்ல எடுத்துக் குடுத்தாரு. பழசு எதையும் பேசல. நானும் சாரி சொல்லல... வாய் வரல.

"இதுல பதிமூணாம் வாய்ப்பாடு திக்காம சொல்லட்டும், அடுத்த வில்லு பாக்கலாம். அதுவரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க."

சொன்ன மாதிரியே போகல. போன வாரம்தான் முழுசா சொன்னா. அதான் இன்னிக்குக் கெளம்புனோம். அடுத்த வில்லப் பாக்க. பந்துன்னு பேசுனதுக்கு நான் சாரி சொல்லவும்.

ரீசார்ஜ் கடைக்காரர் மீதியச் சொன்னாரு. மூணு நாளா மூச்சு வாங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். அன்னிக்கு தேவனாம்பட்டினத்து வீட்டுலேர்ந்து சைக்கிள்ல வர்றதுக்குள்ள மூணு எடத்துல எறங்கி நின்னாராம். கேஸ் ட்ரபிள்தான்னு ஒரு சோடாவக் குடிச்சிட்டுக் கடையத் தொறந்துட்டாராம்.

சோடா!

எட்டு வயசுப் பொண்ணுக்கு மூச்சு எந்த எடத்துல நிக்குதுன்னு பாத்துச் சொல்லத் தெரிஞ்ச மனுஷன்... உங்களுக்கு அறிவிருக்கா சேகரண்ணா? உங்கள நிக்க வெச்சு ஒரு வாய்ப்பாடு சொல்லச் சொல்றதுக்கு அந்தத் தெருவுல ஒரு ஆள் இல்லையா? மூணு நாள் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க. சோடா வாங்கிக் குடுத்திருக்காங்க.

வர்ஷினி அழல. மூடுன ஷட்டர் முன்னாடி நின்னு வில்ல இழுத்துப் புடிச்சா. வேணாம்டி, ரோடுன்னேன். கேக்கல.

தர்ட்டீன் ஒன்ஸ் ஆர் தர்ட்டீன்... பஸ் ஹாரன்ல நடுவுல எனக்கே ஒண்ணு ரெண்டு கேக்கல. தர்ட்டீன் டென்ஸ் ஆர் ஒன் தர்ட்டி. தோள் ஏறல. மூச்சு நிக்கல. நாண மெதுவா, அவர் இறக்குன மாதிரியே இறக்குனா.

"அடுத்தது எத்தன பவுண்டும்மா?"ன்னா.

எனக்குத் தெரியலண்ணா.

சாரி. போங்க... என் கோவம் இன்னும் தீரல.