டீசல் குழாயில் புகுந்த காற்று

ஆம்பூர் கிட்டத்தில்தான் இருக்கிறது. அதற்குள் லாரி நின்றுவிடுகிறது. வெள்ளைக்காரத் துரை யாரோ கழித்துவிட்ட பழைய டீசல் வண்டி. பின்னால் உப்புப் போட்ட பச்சைத்தோல். பேரணாம்பட்டிலிருந்தே துண்டால் மூக்கை மூடியபடி வருகிறேன்.

“வெயில் ஏறுறதுக்குள்ள பதனிடுற தொட்டியில போடலன்னா தோலு கெட்டுடும் சார்,” என்கிறார் டிரைவர் கரீம் பாய். டீசல் குழாயில் எங்கேயோ காற்று புகுகிறதாம். ஆனால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

“அப்புறம் எப்படி பாய் கண்டுபிடிப்பீங்க?”

“காத்தை உள்ள இழுக்கிற ஓட்டை சார், வெளிய தெரியாது. டாங்கிலேர்ந்து ஊதினா தெரிஞ்சிடும். நீங்க ஊதுங்க.”

டாங்கின் வாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சுற்றியுள்ள இடைவெளியை அடைக்க என் துண்டையே வாங்கித் திணிக்கிறார். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு வண்டிக்கடியில் படுக்கிறார்.

ஊதுகிறேன்.

“பத்தல சார். நல்லா மூச்சை இழுத்து ஊதுங்க!”

அந்தத் தோல் நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்து ஊதுகிறேன். மறுபடியும் இழுக்கிறேன். ஓர் இணைப்பில் நுரை குமிழ்விடுகிறது.

“மாட்டிக்கிச்சு!”

கொஞ்சம் தோலை வாஷராக வெட்டிப் போட்டு முடுக்குகிறார். எஞ்சின் கிளம்பிவிடுகிறது. துண்டைத் திருப்பித் தருகிறார். ஆசையோடு மூக்கில் வைக்கிறேன். துண்டு முழுக்க டீசல் நாற்றம்.

துண்டைக் காலடியில் போட்டுவிட்டு, ஆம்பூர் வரைக்கும் தோலையே முகர்ந்துகொண்டு போகிறேன்.