ஆற்று இறால் இல்லாத ஜாடி

பள்ளி வரலாற்றுக் கண்காட்சிப் போட்டிக்கு என் மகள் எங்கள் எண்ணூர் ஆற்றின் கதையை எடுத்திருந்தாள். தன் மேஜையில் ஆற்று இறாலை உயிரோடு வைக்க ஆசைப்பட்டாள். கேள்விப்பட்டதும் குப்பமே வலையோடு இறங்கியது.

“நம்ம பொண்ணு ஜெயிக்கணும் மாமு. ரெண்டு இறாலு மாட்டாமலா பூடும்?” என்றான் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்.

மதியம் வரை வீசினோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சேறுதான் வந்தது. ஆரோக்கியம் என் முகத்தைப் பார்க்காமல் வலையை உதறினான்.

‘எங்கள் ஆற்று இறால்’ என்று எழுதி ஒட்டிய ஜாடியில் மகள் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்தாள். முதல் பரிசு கிடைத்தது.

நடுவர் என் கையைக் குலுக்கினார். “ஜாடியைக் காலியா வச்சது பிரமாதமான யோசனைங்க.”

பின்வரிசையில் எங்கள் ஆட்கள் யாரும் கைதட்டவில்லை.

அதுவரை ‘இறால் கம்மியாகீது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.