இருபத்துமூன்று புள்ளி ஏழு

கண்ணாடி அறுக்கிறவர்கள் மத்தியில் அவளுக்கு ஒத்தைக்கோடு என்று பெயர். வைர முனையை ஒரே ஒரு தடவைதான் இழுப்பாள். அடியில் மெல்ல ஒரு தட்டு, கண்ணாடி இரண்டாக வந்துவிடும். போட்ட கோட்டின் மேலேயே மறுபடி இழுப்பவர்களைக் கண்டால், "என்ன, உழவு ஓட்டறீங்களா?" என்பாள்.

அந்தக் கையை அவள் அப்பாவே ஒருநாள் நிறுத்தினார்.

அப்பாவின் கடையில் அண்ணன் வெளியே போய் அளவெடுப்பான், கணக்குப் போட்டுச் சொல்வான், அவள் அறுப்பாள். மருந்துக் கடை ஒன்றுக்கு அலமாரிக் கதவுகள் செய்தார்கள். கொண்டுபோய் மாட்டினால் ஒன்றுகூடச் சட்டத்தில் நிற்கவில்லை, எல்லாம் அளவில் கட்டை. மருந்துக் கடைக்காரர் ஊரைக் கூட்டாத குறையாகக் கத்தினார். அப்பா அப்போது ஒரு கை விழுந்து, கடையின் பின்னறையில் படுத்த படுக்கையாக இருந்தார். அண்ணன் நேராக அவரிடம் போனான். "நான் சரியாத்தான்ப்பா சொன்னேன். இவதான் காதுல வாங்காம அறுத்துட்டா" என்றான்.

அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, அப்பா நல்ல கையை நீட்டினார். "அதை இங்க குடும்மா" என்றார். வைர முனையை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவேயில்லை. அப்படியே போயும் சேர்ந்தார்.

கடை அண்ணனுக்கு என்றானது. அவள் வேறொரு கடையில் கூலிக்கு நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ந்து, பிறகு தனக்கென்று ஒரு கடை போட்டாள். ஆனால் ஒரு முள் மட்டும் உள்ளே இருந்தது. அண்ணன் சொன்னது பொய் என்று அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. ஒருவேளை காதில்தான் சரியாக விழவில்லையோ? சொன்னவன் மேல் ஒரு சந்தேகம், அறுத்தவள் மேல் ஒரு சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் வருஷக்கணக்காகக் கறுவிக்கொண்டே கிடந்தாள்.

உடற்பயிற்சிக் கூடம் ஒன்று புதிதாக எழும்பியபோது, ஜன்னல் வேலை அவளுக்கு வந்தது. கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடித் தடுப்பு அண்ணனுக்குப் போயிருந்தது. பார்த்தும் பாராதது போல இருவரும் வேலை செய்தார்கள். அவள் ஏணிமேல் நின்று ஜன்னலுக்குப் பசை வைத்துக்கொண்டிருந்தாள். கீழே அண்ணனின் ஆள் தடுப்புக்கான அலுமினியச் சட்டத்தை அளந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி என்று கூப்பிடுவார்கள்.

"ஒரு கட்டம் இருபத்திமூணு இன்ச், ஏழு நூல்" என்றார் ஒல்லி.

ஓர் இன்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். மூன்று கட்டத்துக்கு ஒரு கண்ணாடி வீதம் நான்கு கண்ணாடிகள் வேண்டும். அண்ணன் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தான். மேலே நிற்பவளின் கண்ணுக்கு நேராகத் திரை தெரிந்தது. இருபத்துமூன்று தட்டினான், புள்ளி வைத்தான், ஏழு தட்டினான். மூன்றால் பெருக்கினான். எழுபத்தொன்று புள்ளி ஒன்று என்று வந்தது.

"எழுபத்தோரு இன்ச், ஒரு நூல்" என்று பட்டறைக்குப் போன் போட்டுச் சொன்னான்.

அவள் கையிலிருந்த பசைக் குழாய் நின்றுவிட்டது.

புள்ளிக்குப் பின்னால் வருவது பத்தில் பங்கு. நூல் எட்டில் பங்கு. ஏழு நூலை அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டவைத்தால் அது ஏழு நூலே இல்லை. மருந்துக் கடைக்கும் இதே விரல்தான் தட்டியிருக்கும். அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அவள் கை சரியாகத்தான் அறுத்திருக்கிறது.

தடுப்புக்கு வைப்பது உலையில் போட்டு இறுக்கிய கண்ணாடி. பட்டறையிலேயே அளவுக்கு வெட்டி உலையில் போடுவார்கள். வந்த பிறகு வைர முனை பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஏணியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் பட்டறையை மறுபடி கூப்பிட்டிருப்பான். அவள் சொல்லவில்லை. பசையை இழுத்து, விரலால் வழித்துவிட்டு, அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தாள்.

கண்ணாடி வந்த அன்று அவளுக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தும் போனாள், துடைத்த ஜன்னலையே துடைத்துக்கொண்டு நின்றாள். நான்கையும் நிறுத்தி முடித்தபோது, ஓரத்தில் இரண்டு விரல் நுழைகிற சந்து.

கூடத்தின் முதலாளியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என்ன இது? காத்துக்கு வழி விட்டிருக்கீங்களா?"

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒல்லியின் பக்கம் கையை நீட்டினான். "அளந்தது இவருங்க. நூலைத் தப்பாப் பாத்திருக்காரு. கண்ணு போயிடுச்சு."

ஒல்லியின் முகம் செத்துவிட்டது.

அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கே வந்தாள். வரவேற்பு மேஜையில் பெரிய பொத்தான் வைத்த கால்குலேட்டர் இருந்தது. அதை எடுத்து அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, ஒரு இன்ச்சுல பாதி எத்தனை நூல்?"

"நாலு. இப்ப எதுக்கு அது?"

"உன் வழக்கப்படி அதைத் தட்டு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் தட்டினான். புள்ளி நான்கு.

"பாதின்னா புள்ளி அஞ்சுல்ல இருக்கணும்?" என்றாள் முதலாளியம்மா.

அண்ணன் கீழே வைக்கப்போன கால்குலேட்டரை அவள் மறுபடி அவன் கையில் திணித்தாள்.

"இப்ப நான் சொல்ற மாதிரி தட்டு" என்றாள் அவள். "ஏழை எட்டால வகு. பின்னத்தை முதல்ல போடணும். முழு இன்ச்சை முதல்ல போட்டா இந்த மெஷின் ரெண்டையும் கூட்டிட்டு வகுத்துத் தொலைக்கும். ஆச்சா? இருபத்திமூணைக் கூட்டு. மூணால பெருக்கு."

எழுபத்தொன்று புள்ளி ஆறு இரண்டு ஐந்து.

"எழுபத்தொண்ணைக் கழிச்சு, மிச்சத்தை எட்டால பெருக்கு."

ஐந்து.

"அஞ்சு நூல். நீ ஒரு நூல்னு போன்ல சொன்ன. கண்ணாடிக்கு நாலு நூல், அதாவது அரை இன்ச் கம்மி. நாலு கண்ணாடிக்கு ரெண்டு இன்ச். அளந்தவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

முதலாளியம்மா அண்ணனை வெளியே போகச் சொல்ல அதிக வார்த்தை செலவழிக்கவில்லை.

வாசலில் அண்ணன் அவளைப் பிடித்தான். "நான் போன் போட்டப்ப நீ மேலதான இருந்த. பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மருந்துக் கடைக்கு அப்புறம் நீ எத்தனை வார்த்தை சொன்ன?"

அவன் தரையைப் பார்த்தான். "அந்த வாரமே போய் மறுபடி அளந்தேன்" என்றான் மெதுவாக. "நான் சொன்ன அளவுதான் தப்புன்னு தெரிஞ்சுது. டேப்பைத்தான் தப்பாப் பாத்துட்டேன்னு நெனச்சேன். அதனாலதான் அதுக்கப்புறம் ஒல்லிய அளக்க விட்டேன். அப்பாகிட்ட சொல்ல வாய் வரல."

அவள் அவனைப் பளார் என்று அறையவில்லை. அறைந்தால் அதோடு முடிந்துவிடும். "வா, இதை அம்மாகிட்ட சொல்லு. அப்படியே சொல்லு" என்று ஆட்டோவில் ஏற்றினாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் நின்றபடியே மென்று முழுங்கி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அம்மா ஒரு துண்டை மடித்து வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். "அவன் அளக்கத் திரும்பப் போனப்பவே எனக்குத் தோணுச்சு" என்றாள். "ஆம்பளப் பையன், கடை அவன் பேர்ல நிக்கணுமேன்னு விட்டுட்டேன். நீ எப்படியும் பொழச்சுக்குவன்னு தெரியும்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்ததில் கிடைத்த குளிர்ச்சி அத்தனையும் ஒரே வாக்கியத்தில் ஆவியாகிவிட்டது. "அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அம்மா கூப்பிட்டது தெருமுனை வரை கேட்டது.

தடுப்பு வேலையை முதலாளியம்மா அவளுக்கே கொடுத்தாள். ஒல்லியையும் அவள் தன் கடைக்குக் கூட்டிக்கொண்டாள். பழைய கடையில் என்ன சம்பளம் வாங்கினாரோ அதற்கு மேல் கொடுத்தாள். அண்ணன் கடையில் அளக்க ஆளில்லாமல் கதவு பாதிநாள் சாத்திக் கிடப்பதாகக் காதில் விழுந்தது. பாவம் என்று தோன்றுகிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தோன்றவில்லை. அது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

புதுக் கண்ணாடிகள் நான்கும் சட்டத்தில் கனகச்சிதமாக உட்கார்ந்தன. கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கரை வழக்கமாகக் கீழ் மூலையில்தான் ஒட்டுவார்கள். அவள் ஒல்லியிடமிருந்து அதை வாங்கி, தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிறபடி, வாசலில் நுழைகிறவர்களின் கண்ணுக்கு நேராக வைத்து, நாலு ஓரத்தையும் நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

"இவ்வளவு மேலயாம்மா?" என்றார் ஒல்லி.

"எங்கண்ணனும் இந்த வழியாத்தான் தினம் வீட்டுக்குப் போறாரு" என்றாள் அவள்.